ஜோடி கலைந்த செல்லக்காசுகள்

வே,

இன்று காலை கடையில் பின்வரிசைத் தொட்டியைக் கழுவக் கையை விட்டபோது ஒரு செல்லக்காசு என் சுண்டுவிரலைக் கடித்தது. பெரிய கடி இல்லை. உள்ளங்கையில் பாதிகூட வராத மீன். ஆனால் கடித்துவிட்டு அது விலகிப் போகவில்லை. உள்ளே கிடந்த ஓட்டுத்துண்டில் முட்டை ஒட்டியிருந்தது. ஒன்று முட்டைக்கு மேலே துடுப்பால் விசிறிக்கொண்டு நின்றது, மற்றது என் கையோடு சண்டைக்கு வந்தது. கையை வெளியே எடுத்தேன். பாசி வாடை. பத்து வருடத்துக்கு மேலாக இந்த வாடையில்தான் சோறு தின்கிறேன். இன்றைக்கு மட்டும் அது உம் வாய்க்கால் வாடையாக இருந்தது.

நீர் போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. உம் வீட்டுக்கு நான் வரவில்லை. வந்திருந்தால் யார் என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். விலாசம் எழுதித் தபாலில் போட முடியாத கடிதம் என்பதால் மறைக்காமல் எழுதலாம்.

நான் சாத்தான்குளத்துக்காரன். பனையும் செம்மண்ணும் பார்த்து வளர்ந்தவனுக்கு ஆறு என்றால் பஸ்ஸில் போகையில் பாலத்துக்கு அடியில் தெரிவது. திருநெல்வேலிக்கு வந்து முதலில் பாலிதீன் பை விற்றேன். பை வாங்குகிறவர்களில் ஒருவர் மீன்தொட்டிக் கடை வைத்திருந்தார். அவர் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று நின்று பார்த்து, இரண்டு வருடத்தில் சந்திப்பில் எனக்கென்று ஒரு கடை போட்டேன். மீன்மேல் ஆசை வைத்து வந்தவன் இல்லை. எது சாகும், எது தாங்கும் என்பதைச் சாகக் கொடுத்துத் தெரிந்துகொண்டவன்.

உம்மை முதலில் பார்த்தது வெள்ளம் வந்த மறுவருடம், தொண்ணூற்று மூன்றில். ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே உம் வாய்க்கால். வெள்ளத்தில் கரைச்சுவர் இடிந்து இரண்டு பர்லாங் தூரத்துக்குக் கல்லெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொசுவலைத் துணியோடு இறங்கி நின்றேன். மதகு மேடையில் காக்கி அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருந்த நீர் கேட்டீர்:

"என்ன வே, குளிக்க வந்தீரா, களவாங்க வந்தீரா?"

"மீன் பிடிக்கேன்."

"அந்தத் துணியிலயா? அதுல கொசுவே தப்பிச்சிரும்."

பிடித்ததைத் தூக்கிக் காட்டினேன். காசு போல வட்டம். மஞ்சள் உடம்பில் வரிசையாகச் செம்புள்ளி, விலாவில் ஒரு கரும்பொட்டு. நீர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தீர்.

"செல்லக்காசு. பூனைக்குப் போட்டாலும் முள்ளுன்னு துப்பிரும். இதுக்கா திருநவேலியில இருந்து வாரீரு?"

"பட்டணத்துல இதைக் கண்ணாடிக்குள்ள விட்டுப் பாக்காங்க."

"பாத்து?"

"பாத்துக்கிட்டே இருப்பாங்க."

"சோலியத்த பயலுவ" என்றீர்.

அதன்பிறகு வாரம் ஒருமுறை வந்தேன். எங்கள் ஊர்ச் சில்லுக்கருப்பட்டி கொண்டுவருவேன். அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நீர் பேசுவீர். பொதுப்பணித் துறையில் உமக்கு லஸ்கர் வேலை. மதகின் இரும்புப் பலகையை ஏற்றுவது, இறக்குவது, அமலைச்செடி மிதந்து வந்து அடைத்தால் இழுத்துப் போடுவது. ஒன்பது வருடமாகத் தினக்கூலி. பத்து முடிந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள், பட்டியலில் உம் பெயர் இருக்கிறது என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். நம் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும். "ஆர்டர் வந்துட்டா, காய்ச்சல்ல படுத்துக் கிடந்தாலும் சம்பளம் உண்டு வே. அதை நினைச்சுப் பாரும். படுத்துக் கிடந்து சம்பளம்" என்பீர். காய்ச்சலே வந்துவிட்டது போல முகத்தில் ஒரு சுகம் தெரியும்.

அந்த மீனைப் பற்றி நான் தொட்டியில் பார்த்ததைச் சொல்வேன், நீர் மேடையிலிருந்து பார்த்ததைச் சொல்வீர். கல்லைச் சுத்தமாகக் கொத்தித் துடைத்துவிட்டு முட்டை போடும். ஒவ்வொரு முட்டையும் ஒரு நூலில் தொங்கும். ஐந்து நாளில் பொரியும். பொரிந்த புழுவை வாயில் கவ்வி, மணலில் தோண்டிய குழிக்கு மாற்றும். அப்புறம் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாயும் தகப்பனும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிடும். வழியெல்லாம் குஞ்சுகள் பெற்றவர்களின் விலாவைக் கொத்திக்கொண்டே போகும். உடம்பின் மேலிருக்கும் வழுவழுப்புதான் அவற்றுக்குப் பால் மாதிரி. காவலுக்கு நிற்கிற நாள்களில் பெரியவை இரண்டுக்கும் அடிவயிறு கறுத்துப்போகும். ஒரு நாள் நீராகவே சொன்னீர்: "கவனிச்சீரா, ஒண்ணு இரை பொறுக்கப் போனா ஒண்ணு நிக்கு. அது வந்த பொறவுதான் இது போவுது. டூட்டி மாத்துது வே. எனக்கு ஒரு மாத்தாள் உண்டா, ஒன்பது வருசமா?"

அடுத்த தை மாதம் சென்னையிலிருந்து ஓர் ஏற்றுமதிக்காரர் போன் செய்தார். நூறு ஜோடி செல்லக்காசு வேண்டும். மீன் இல்லை, ஜோடி. அதில்தான் சூட்சுமம். இந்த மீனில் ஆண் எது, பெண் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கைக்கு வந்த இரண்டைத் தொட்டியில் விட்டால் ஒன்றையொன்று கிழித்துப் போட்டுவிடும். தானாகச் சேர்ந்த ஜோடிதான் சேர்ந்திருக்கும். அதை அறிய ஒரே வழி, முட்டைக்குப் பக்கத்தில் நிற்கும்போது இரண்டையும் சேர்த்து எடுத்து ஒரே பையில் போடுவது. உம் வாய்க்காலில் இடிந்த கல்லுக்குக் கல் முட்டை இருந்தது. ஆனால் இடுப்பளவு தண்ணீரில் எந்தக் கல்லில் எந்த ஜோடி என்று தெரியாது. கணுக்காலளவு ஆனால் தெரியும்.

கேட்டேன். நீர் கருப்பட்டியை வாயிலிருந்து எடுத்துவிட்டீர்.

"மதகை அடைக்கணுமா? உமக்குக் கிறுக்கா வே? பிசான நெல்லு பால் பிடிக்க நேரம்."

"மூணு மணி நேரம். விடியும்போது இறக்கி ஒன்பது மணிக்குத் தூக்கிரும்."

"நாளைக்குக் கடைமடைக்குத் தண்ணி முறை. நாலு நாளாக் காத்துக் கிடக்கானுவ. ரெண்டு நாள் பொறும். முறை முடிஞ்சதும் பாத்துக்கிடலாம்."

"ரெண்டு நாள்ல பொரிஞ்சிரும். பொரிஞ்சா கல்லைவிட்டுப் போயிரும். பொறவு ஜோடி ஏது?"

"எனக்கு ஆர்டர் வர இன்னும் எட்டு மாசம்தான் வே" என்றீர். அதற்கு நான் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "அமலை அடைச்சிக்கிட்டுன்னு சொல்லும், யாரு வந்து பாக்கப் போறா?" சரக்கு வாங்கும்போது எந்த இடத்தில் அழுத்தினால் எதிராளி இறங்குவான் என்று எனக்குத் தெரியும். உம்மிடமும் அதைத்தான் செய்தேன்.

விடியும் நேரத்தில் பலகையை இறக்கினீர். தண்ணீர் இறங்க இறங்கக் கல்லின் தலைகள் தெரிந்தன. ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் இரண்டு முதுகு. நான் எடுத்து நீட்டுவேன், நீர் பையைப் பிடித்து ரப்பர் வளையம் போடுவீர். ஜோடிக்கு ஒரு பை. கரையில் வரிசையாக வைத்தோம். தண்ணீர் கணுக்காலுக்கும் கீழே போயிற்று. சில கற்களில் மீன் நிமிர்ந்து நிற்கவே ஆழமில்லை. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, அப்போதும் முட்டைப் பக்கம் துடுப்பை அசைத்தது.

"ஏம்வே, ஓட மாட்டேங்கு?" என்றீர்.

"முட்டை கிடக்குல்லா."

"தண்ணியே இல்ல. பொறவு முட்டைய வச்சு என்ன செய்ய?"

"அதுக்கு அது தெரியாது."

நீர் அடுத்த பையை நீட்டவில்லை. மேடைக்குப் போய்க் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றீர். "போதும் வே. தூக்கப் போறேன்."

ஐம்பது ஜோடிதான் ஆகியிருந்தது. "இன்னும் அரை மணி" என்றேன். நீர் கிழக்கே பார்த்தீர். வெயில் ஏறியிருந்தது. "அரை மணி வே, கையைப் பிடிச்சுக் கேக்கேன்" என்றேன். உம் கையை நான் பிடிக்கவும் இல்லை. குனிந்து கல்லைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். நீர் விட்டுக்கொடுத்தீர்.

ஐம்பத்தெட்டாவது ஜோடியைப் பையில் போட்டபோது கிழக்குக் கரையில் இரண்டு சைக்கிள் தெரிந்தது. முன்சைக்கிளின் பின்னால் மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வயதான பெண். கடைமடையில் முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் பேச்சியம்மாள் ஆச்சி. அவள் வாய்க்கு அந்தப் பக்கத்தில் எல்லாரும் பயப்படுவார்கள் என்று நீர் சொல்லியிருக்கிறீர்.

எனக்கு அந்த ஒரு நிமிடத்தில் புத்தி வேலை செய்தது. கரையில் ஐம்பத்தெட்டு பை வரிசையாக இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு இது ஏற்பாடு செய்த வேலை என்று சொல்லாமலே தெரியும். போகிற போக்கில் மீன் பிடிக்கிறவன் ஜோடி ஜோடியாகப் பை கட்ட மாட்டான். நான் ரப்பர் வளையங்களைப் பிடுங்கி ஒவ்வொரு பையாக, கொண்டுவந்திருந்த டிரம் ஒன்றிலேயே கொட்டினேன்.

"என்ன செய்யுதீரு?" என்றீர். நான் அடுத்த பையை எடுத்தேன். பாதி கொட்டிய பிறகு உமக்குப் புரிந்தது. மெல்ல மேடையில் உட்கார்ந்துகொண்டீர்.

ஆச்சி இறங்கி வந்தாள்.

"ஏ லஸ்கரு, எங்க முறைத் தண்ணி எங்கய்யா? உம்ம மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கா?"

"அமலை அடைச்சிக்கிட்டு, ஆச்சி. எடுக்கதுக்காக இறக்கினேன்."

"எடுத்த அமலை எங்க?"

கரையில் ஓர் இலைகூட இல்லை. அவள் என் பக்கம் திரும்பினாள். "இவுக யாரு? அமலை வாங்க வந்த யாவாரியா?"

சைக்கிளில் வந்த இருவரில் ஒருவன் சிரித்தான். நீர் என்னைப் பார்த்தீர். நான் உம்மைப் பார்க்காமல், ஆச்சியின் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"எனக்கு இவரைத் தெரியாது. மீன் பிடிக்க வந்தேன். தண்ணி குறைஞ்சு கிடந்துச்சு, இறங்கினேன்."

"அப்படியாய்யா?" என்று உம்மைக் கேட்டாள்.

"ஆமா ஆச்சி" என்றீர். "எனக்கும் இவரைத் தெரியாது."

உம்மைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். நாம் கூட்டு என்று தெரிந்தால் உமக்குத்தானே கேடு. கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் அந்த நேரத்தில் நான் உம்மை நினைக்கவில்லை. டிரம்மை நினைத்தேன், அதை ஏற்றிப்போக ரோட்டில் நிறுத்தியிருந்த வேனை நினைத்தேன். நீர் எழுந்து பலகையைத் தூக்கினீர். தண்ணீர் வந்தது. அதோடு கெண்டைக் குஞ்சுகள் வந்து, காவல் இல்லாத கற்களில் முட்டையை மேய்ந்தன. அதையும் பார்த்துவிட்டுத்தான் டிரம்மைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கடைக்கு வந்தபோது டிரம்முக்குள் நூற்றுப் பதினாறு மீன் இருந்தது, ஒரு ஜோடிகூட இல்லை. எது எதோடு நின்றது என்று இனி யார் சொல்வது? சாயங்காலத்துக்குள் கடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டன. ஏற்றுமதிக்காரர் ஆள் வந்து பார்த்துவிட்டு எடுக்காமல் போய்விட்டார். தெரியாது என்று சொல்வதற்காக ஜோடியைக் கலைத்தேன், கலைத்த பிறகு சொன்னதில் எனக்கும் பலன் இல்லை.

ஆச்சியும் கடைமடைக்காரர்களும் ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். விசாரணை என்று கேள்விப்பட்டு, அன்று ஆபீஸ் வாசலுக்கு வந்தேன். உள்ளே போய் உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். இதை நீர் நம்பினீரா என்று தெரியாது. வேப்பமரத்துக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போனீர்.

"எதுக்கு வந்தீரு?"

"நான்தான் அடைக்கச் சொன்னேன்னு சொல்லிருதேன்."

"சொல்லி? அமலைன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். அமலைன்னா கவனக்குறைவு. எச்சரிக்கையோட விடுவான். நீரு உள்ள போயி வாயைத் திறந்தா அது களவு. ஒன்பது வருசமும் போச்சு."

"பொறவு நான் என்னதான் செய்ய?"

"அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னீருல்லா? அதையே பிடிச்சுக்கிடும்." உம் குரலில் கோபமே இல்லை. மதகு பற்றிப் பேசுவது போலச் சொன்னீர். "ஆர்டர் கையில வார வரைக்கும் நீரு யாரோ, நான் யாரோ. ரோட்டுல கண்டாலும் பேசப்படாது. போம் வே."

அதுதான் நீர் என்னை "வே" என்று சொன்ன கடைசித் தடவை.

எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் அந்த வருடப் பட்டியலில் உம் பெயரை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடமும் வரவில்லை. எட்டு மாதம் என்றது நாலு வருடம் ஆயிற்று. அந்த நாலு வருடமும் நான் நீர் சொன்னபடியே இருந்தேன். பஸ்ஸில் உம் வாய்க்காலைக் கடக்கையில் மேடையில் காக்கி தெரியும். கையைத் தூக்கியதில்லை. முதலில் அது உமக்காகச் செய்யும் காரியமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. சில நாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே மறந்து, ஊர் தாண்டிய பிறகுதான் நினைவு வரும்.

உமக்கு ஆர்டர் வந்த செய்தியை வேறொருவர் சொல்லித்தான் கேட்டேன். இனிப் பேசலாம். ஆனால் நான் வரவில்லை. அவராக வரட்டும் என்று இருந்தேன். தப்பு என்னுடையது என்று தெரிந்தவனுக்குத்தான் இப்படி வீம்பு வரும்.

நீர் வந்தீர், போன வருடம். கடையில் கூட்டம். முழுக்கால் சட்டை போட்டிருந்தீர், காக்கிதான், புதிது. பின்வரிசைத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றீர். அதில் ஒரு ஜோடி, குஞ்சுகளோடு. குஞ்சுகள் இரண்டின் விலாவையும் கொத்திக்கொண்டிருந்தன. நான் பக்கத்தில் வந்தேன். நீர் கண்ணாடியைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, இது என்ன விலை?"

கடைக்கு வருகிற எவனும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். நீர் கூப்பிட்டதில்லை. குத்தலா, விளையாட்டா, இல்லை, இங்கிருந்து மறுபடி தொடங்கலாம் என்று கையை நீட்டினீரா? எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் ஆள்கள் நின்றார்கள். நான் விலையைச் சொன்னேன்.

"குஞ்சோட தருவீங்களா?"

"குஞ்சோட எடுத்தா வழியில மிரண்டு பெருசே தின்னுரும்."

"அப்ப வேண்டாம்" என்றீர். "இங்கனயே நிக்கட்டும்."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றீர். நான் ஒரு சொல் சொன்னால் போதும். "வாரும் வே, டீ குடிப்போம்" என்றால் முடிந்தது. ஒருவர் மோட்டார் பம்பு கேட்டார், எடுத்துக் கொடுக்கத் திரும்பினேன். திரும்பி வந்தபோது தொட்டிக்கு முன்னால் யாரும் இல்லை.

நீர் போன செய்தியைக் கொண்டுவந்தது பேச்சியம்மாள் ஆச்சி. கண் காட்டப் பாளையங்கோட்டைக்கு வந்தவள் சந்திப்பில் பஸ் மாற இறங்கி, கடை வாசலில் என்னை அடையாளம் கண்டு நின்றாள்.

"நம்ம லஸ்கரு போயிட்டாருய்யா. மதகுப் பக்கம் சைக்கிளை நிறுத்திட்டு உக்காந்தவரு எந்திரிக்கல. நெஞ்சடைப்பு." மறைப்புப் போட்ட கண்ணோடு என்னை ஏறிட்டாள். "உமக்குத்தான் அவரைத் தெரியாதே. உமக்குச் சொல்லி என்ன?"

"தெரியும்" என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்யா. முன்னப் பின்னத் தெரியாத ஆளை ஒருத்தன் அப்படிப் பாப்பானா? நீரு தெரியாதுன்னு சொன்னதும் அவரு முகத்தை நீரு பாக்கல. நான் பாத்தேன். அதான் மனுவுல உம்ம பேச்சை எடுக்கல, அந்த மனுசனுக்காக." பஸ் வந்துவிட்டது. ஏறப்போனவள் திரும்பினாள். "இப்பச் சொல்லுதீரு தெரியும்னு."

வே, முட்டைக்குக் காவல் நிற்கிற ஜோடியைப் பிடித்து விற்பதை நான் அந்தத் தையோடு விட்டுவிட்டேன். பாவம் பார்த்து என்று நினைக்க வேண்டாம். வாய்க்காலில் இறங்கினால் மேடையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று பயம், அவ்வளவுதான். என்னிடம் மிச்சம் இருப்பது வேறு. ஆச்சி பஸ் ஏறிப் போன நாளிலிருந்து, கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தொட்டி வாங்க வருகிறவர், தபால்காரர், பக்கத்துக் கடைக்காரர், யாராக இருந்தாலும். ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே ஒரு லஸ்கர் இருந்தார், எனக்கு நல்லாத் தெரியும், சிநேகிதர், வே போட்டுத்தான் பேசிக்கொள்வோம் என்று. நேற்று தீனிப் பாக்கெட் கொண்டுவந்த கம்பெனிக்காரரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, சரக்கு வந்ததற்குக் கையெழுத்துப் போடச் சொல்லிச் சீட்டை நீட்டினார். போட்டுக்கொண்டே மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.